எழுதியவரிடம் கேட்டீர்களா?

(இணையச் சஞ்சிகை தொடங்கவிருக்கும் இளைஞர்களுக்காக முந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொப்பிரைட் பற்றிப் பயமுறுத்தாமல் பேச வேண்டும் என்பது என்னை அழைத்தவர்கள் போட்ட நிபந்தனை. அந்தக் கவலையே தேவையில்லை. பதிப்புரிமைக்குப் பயந்து நம்மில் யாரும் இதுவரை சஞ்சிகை நடத்தியதில்லை. ஒரு கதை பிடித்திருந்தால் எடுத்துப் போட்டோம், கீழே ‘நன்றி’ என்று ஒரு வரி சேர்த்தோம், கடன் தீர்ந்தது என்று இருந்தோம். இன்று அந்த ‘நன்றி’யின் இடத்தில் ‘நன்றி: கூகுள்’ என்று வருகிறது. கூகுள் எந்தப் படத்தை எடுத்தது, எந்தக் கவிதையை எழுதியது என்று கேட்பார் இல்லை.

இந்தப் புத்தளக் கரைக்குச் சஞ்சிகை புதிது அல்ல. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1841 இல் ‘உதயாதித்தன்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் ‘உதயதாரகை’யைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். புத்தளத்தில் மணியகாரராகவும் பிறகு சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர் அவர். உத்தியோகத்தையும் பார்த்துக்கொண்டு, 1834 இல் இலங்கை முழுவதற்கும் இடவிவரங்களைச் சொல்லும் ஒரு கசெற்றியரையும், 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் ‘தமிழ் புளூராக்’ என்ற ஆங்கில நூலையும் எழுதி முடித்தார். தமிழ் இதழியல் வரலாறு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டும்தான் நடந்தது என்று யாராவது சொன்னால், கற்பிட்டியை ஞாபகப்படுத்துங்கள்.

காசிச்செட்டிக்கு அச்சகம் தேவைப்பட்டது. உங்களுக்கு ஒரு மடிக்கணினி போதும். காகிதம் இல்லை, தபால் இல்லை, விற்காத பிரதி கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தொல்லை இல்லை. ஆனால் அச்சுச் சஞ்சிகைக்கு இல்லாத ஒரு சுமை உங்களுக்கு உண்டு. முந்நூறு பிரதி அடித்த சஞ்சிகையில் நடந்த தவறு, அந்த முந்நூறு பிரதியும் செல்லரித்ததும் மறைந்துபோகும். இணையத்தில் போட்டது ரொறொன்ரோவில் இருப்பவர் கண்ணிலும் படும், பத்து வருடம் கழிந்தும் தேடுபொறியில் ஏறி வரும். ஆகவே ஆரம்பத்திலேயே கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குப் பொருந்துவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன்னர் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. இன்றைய சட்டத்தின் அடிப்படை மிக எளிது. ஒருவர் சுயமாக ஒன்றை எழுதி முடித்த கணமே அது அவருக்கு உரியது. எங்கும் பதிய வேண்டியதில்லை, முத்திரை குத்த வேண்டியதில்லை, வட்டத்துக்குள் ‘சி’ எழுத்தைப் போட வேண்டியதும் இல்லை. பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959 இலேயே சேர்ந்துவிட்டது. பதிவு தேவையில்லை என்பதுதான் அந்த உடன்படிக்கையின் நெறி. எட்டாம் வகுப்புப் பிள்ளை கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிய கவிதைக்கும், பேராசிரியர் எழுதிய நூலுக்கும் ஒரே உரிமை. சஞ்சிகைக்கு ஐஎஸ்எஸ்என் எண் வாங்கிவிட்டோம், இனி எல்லாம் எங்களுடையது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த எண் நூலகர்களுக்கான அடையாளம். உரிமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் சஞ்சிகை ஆசிரியரிடம் என்ன இருக்கிறது? தான் எழுதிய தலையங்கம் இருக்கிறது. இருபது படைப்புகளைத் தெரிந்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஒரு இதழாகக் கட்டிய தொகுப்பின் மேல் உரிமை இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கதையும் கவிதையும் அதை எழுதியவருடையது. சம்பளம் வாங்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொருளாதார உரிமை முதலாளிக்குப் போகும். அது பெரிய பத்திரிகைக் காரியாலயங்களின் கதை. சம்பளமே இல்லாத சஞ்சிகையில் எழுதுபவர் யாருக்கும் ஊழியர் அல்ல. அவர் தந்தது எது, தராதது எது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் சட்டத்தின் 16 ஆம் பிரிவை நீங்கள் கவனிக்க வேண்டும். உரிமையைக் கைமாற்றுவதும் சரி, பயன்படுத்த அனுமதி கொடுப்பதும் சரி, எழுத்தில், கையொப்பத்தோடு நடக்க வேண்டும். அந்த எழுத்தில் சொல்லப்படாத உரிமை கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படாது. ‘போடுங்கோ தம்பி’ என்று தொலைபேசியில் சொன்னது அன்புக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. எழுத்தில் கேட்டதை மட்டும்தான் ஆசிரியர் பெறுகிறார். எனக்கு இன்று சொல்ல இருப்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கு உதாரணம்.

இது ஏதோ வக்கீல்மாரின் நுணுக்கம் என்று தோன்றலாம். தமிழில் இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது: பாரதியார்.

பாரதி 1921 செப்டெம்பரில் இறந்தபோது வீட்டில் பணம் இல்லை, எழுத்து மட்டும் இருந்தது. மனைவி செல்லம்மா நூல்களைத் தாமே வெளியிட முயன்றார். பிறகு பதிப்புரிமை பாரதியின் தம்பி விசுவநாதனின் கைக்குப் போனது. இதுவரை நாம் எதிர்பார்க்கக்கூடிய கதைதான். ஆனால் 1934 இல், பாடல்களை இசைத்தட்டில் பதிவதற்கான உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து, ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரிக்குச் சில நூறு ரூபாவுக்கு விற்கப்பட்டது. அன்று அந்த உரிமைக்குப் பெரிய பெறுமதி இல்லை. கிராமபோன் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம், பேசும் படம் தமிழில் வந்தே சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. புத்தகம் தங்களிடம் இருக்கிறது, பாட்டுத்தட்டு போனால் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சில்லறை உரிமையைப் பின்னர் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். அதற்குள் காலம் மாறிவிட்டது. சினிமா வளர்ந்துவிட்டது, வானொலி வந்துவிட்டது. அவருடைய ‘நாம் இருவர்’ 1947 இல் வெளிவந்தபோது, டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் ஊரெல்லாம் ஒலித்தன. அடுத்த ஆண்டு நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தார்கள். செட்டியாரின் ஏவிஎம் தரப்பு வழக்குக்குப் போனது. சட்டப்படி அது அவர்கள் உரிமை. பாரதியைத் தெருத்தெருவாகப் பாடி வளர்த்த நாடகக்காரர்கள், பாரதியைப் பாடியதற்காகக் கூண்டில் ஏற வேண்டிய நிலை.

இதிலிருந்துதான் கிளர்ச்சி பிறந்தது. நாரண துரைக்கண்ணன் முன்னின்ற பாரதி விடுதலைக் கழகம், அவ்வை டி.கே. சண்முகம் போன்றவர்களின் முயற்சி, கூட்டங்கள், தீர்மானங்கள். 1949 இல் சென்னை மாகாண அரசு குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து உரிமையைப் பெற்றது. செட்டியார் தம்மிடமிருந்ததைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1955 இல் பாரதியின் எழுத்து முழுவதும் பொதுமக்களுக்கு விடப்பட்டது. ஒரு அரசாங்கம் கவிஞன் ஒருவனின் பதிப்புரிமையை வாங்கி மக்களுக்குக் கொடுப்பது உலகில் வேறெங்கும் நடவாத காரியம் என்று ஆ.இரா. வேங்கடாசலபதி இதற்கென்றே எழுதிய நூலில் காட்டுகிறார்.

கதையின் முடிவைச் சொல்லிக் கைதட்டுவது வழக்கம். எனக்கு அதன் நடுப்பகுதிதான் முக்கியம். 1934 இல் யாருக்கும் பெறுமதி தெரியாத ஒரு ஊடகத்தின் உரிமை, பத்துப் பன்னிரண்டு வருடங்களில் புத்தக உரிமையை விடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. இன்று நீங்கள் கேட்காமல் விடும் உரிமைகளும் அப்படிப்பட்டவைதான். கதையை இணையத்தில் போட அனுமதி வாங்குகிறீர்கள். இரண்டு வருடம் கழித்து ஓடியோவாக வாசித்துப் போட ஆசை வரும். பிறகு சிறந்த கதைகளைத் தொகுத்து மின்னூலாக்க ஆசை வரும். அதற்குள் அந்த எழுத்தாளர் கனடாவுக்குப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார், அவருடைய பிள்ளைகளுக்கு உங்களை யார் என்றே தெரியாது. அரசாங்கம் வந்து வாங்கித் தரும் என்று இங்கே காத்திருக்க முடியாது.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் ‘மல்லிகை’யைப் பாருங்கள். டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் தொடங்கி 2012 வரை நானூறுக்கு மேற்பட்ட இதழ்களைக் கொண்டுவந்தார். தெருவில் நடந்து கையால் விற்றார். அந்த உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் சட்டம் உழைப்பைப் பார்ப்பதில்லை, எழுதியவரைப் பார்க்கிறது. மல்லிகையின் பழைய இதழ் ஒன்றை முறைப்படி மறுபிரசுரம் செய்ய வேண்டும் என்றால், ஜீவாவின் தலையங்கத்துக்கு ஒரு அனுமதி, அதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அனுமதி. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இந்த வேலையில் கஷ்டப்பட்டுத்தான் எழுத்தாளர்களிடம் அனுமதி சேர்த்துக்கொண்டு வருகிறது. அன்றைய ஆசிரியர்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த வேலை பாதியாகியிருக்கும். அன்று இணையம் இல்லையே என்பீர்கள். உண்மைதான். இன்று இருக்கிறதே.

சரி, அந்தத் தாளில் என்ன எழுதுவது? பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. கறுப்புக் கோட்டு மொழியில் நாலு பக்கம் அனுப்பினால் நம் எழுத்தாளர்கள் கதையையே திருப்பி வாங்கிவிடுவார்கள். படைப்பின் பெயர், எழுதியவரின் பெயர் அல்லது அவர் விரும்பும் புனைபெயர், இது என் சொந்தப் படைப்பு என்ற உறுதி. அதன் பிறகு, சஞ்சிகையின் தளத்தில் காலவரையின்றி வைத்திருக்கலாமா, மின்னூலில் சேர்க்கலாமா, ஒலிவடிவம் செய்யலாமா, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்க்கக் கொடுக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, ஆம் இல்லை என்று எழுதவிடுங்கள். சஞ்சிகை நின்றுபோனால் பிரதியை ஒரு எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்பதையும் கேளுங்கள். சிறு சஞ்சிகைகள் நின்றுபோவது இயற்கை, அதில் வெட்கம் இல்லை. உங்களுக்கு வேண்டியது தனியுரிமை அல்ல, போடுவதற்கான அனுமதி மட்டும்தான். அதே கதையை எழுத்தாளர் தன் தொகுப்பில் சேர்க்கலாம், வேறு இடத்தில் வெளியிடலாம் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஐந்து சதம் கொடுக்காத சஞ்சிகை ‘சகல உரிமையும் எமக்கே’ என்று கேட்பது எனக்கு அநியாயமாகத் தெரிகிறது. எழுதிய கை தொழுது நிற்க வேண்டியதில்லை.

இதற்குத் தபாலும் முத்திரையும் தேவையில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சல் போன்றவற்றை எழுத்தாக ஏற்கிறது. கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பெயரோடு பதில் வாங்கி, அதைப் பத்திரமாகச் சேமித்து வையுங்கள். வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்த சம்மதத்தை நம்பி ஐந்து வருடம் இருக்காதீர்கள். போன் உடைந்தால் சம்மதமும் உடைந்தது.

பெயரைப் பற்றி ஒன்று. பொருளாதார உரிமை வேறு, ஒழுக்க உரிமை வேறு. தன் பெயர் படைப்போடு இருக்க வேண்டும், தன் மரியாதை கெடும்படி அதைச் சிதைக்கக்கூடாது என்ற உரிமையை எழுத்தாளர் உயிரோடு இருக்கும்வரை வேறொருவருக்கு விற்க முடியாது. ஆசிரியர்மாருக்குக் கத்தரி பிடித்தால் கை நிற்காது. எழுத்துப்பிழை திருத்துங்கள். முடிவை மாற்றுவதாக இருந்தால் கேளுங்கள்.

இனிப் பழைய படைப்புகள். நம் சட்டத்தில் எழுதியவரின் ஆயுளும், இறந்தபின் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டு. 1947 யூலையில் மறைந்த விபுலானந்த அடிகளின் எழுத்தை நீங்கள் யாரையும் கேட்காமல் வெளியிடலாம். 1885 இல் ‘அசன்பேயுடைய கதை’யை எழுதிய சித்திலெவ்வை 1898 இல் காலமானார், அவருடைய ‘முஸ்லிம் நேசன்’ கட்டுரைகளை எடுத்து மறுபடி போட இந்த மாவட்டத்திலேயே ஒரு சஞ்சிகை வரவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் 1971 இல் மறைந்த நம் நாட்டுக் கவிஞர் ‘மஹாகவி’யின் கவிதைகளுக்கு 2041 வரை உரிமை இருக்கிறது. 1976 இல் மறைந்த சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கதையைத் தமிழில் மொழிபெயர்த்துப் போட 2046 வரை அனுமதி தேவை. மொழிபெயர்ப்பு உரிமையும் மூல ஆசிரியருடையதுதான். சிங்களமும் தமிழும் பேசும் இந்தக் கரையில் மொழிபெயர்ப்புப் பக்கம் ஒன்று கட்டாயம் வரும் என்று நினைக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கணினியைக் கொண்டு ஒரு நிமிடத்தில் மொழிபெயர்த்தாலும் அது மொழிபெயர்ப்புத்தான்.

கல்கி 1954 டிசெம்பரில் இறந்தார். தமிழ்நாட்டில் அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிப் பல வருடங்களாகிவிட்டன. நம் சட்டப்படியும் 2024 ஆம் ஆண்டோடு 70 முடிந்தது. ஆகவே ‘பொன்னியின் செல்வ’னைப் போடலாம். அதற்கு மணியம் வரைந்த ஓவியங்களை? மணியம் 1968 இல் காலமானார். நம் கணக்கில் 2038 வரை அந்தப் படங்கள் அவருடைய வாரிசுகளுடையவை. கதை விடுதலை, படம் விடுதலை இல்லை. காசிச்செட்டியின் ‘தமிழ் புளூராக்’குக்கும் இதே நிலைதான். 1859 இன் மூலம் யாருடையதும் அல்ல. 1946 இல் வந்த இரண்டாம் பதிப்பில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் எழுதிச் சேர்த்த குறிப்புகள் அவருடையவை, அவர் 1980 இல்தான் மறைந்தார். ஒரே புத்தகத்துக்குள் ஒரு பக்கம் பொது, அடுத்த பக்கம் தனியார். பழைய நூல் என்று அட்டையோடு ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கு முன், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது உங்கள் முதல் இதழுக்கு நீங்கள் திட்டமிட்டிருப்பதாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்: அம்பாப் பாடல்.

உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு யாருடையது? எழுதியவர் பெயர் தெரியாது, தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தது. எழுதியவர் இல்லை, ஆகவே யாரும் எடுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. நம் சட்டம் அப்படி நினைக்கவில்லை. அதன் 24 ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்குத் தனியாகப் பாதுகாப்புக் கொடுக்கிறது. வணிக நோக்கத்துக்காகவோ, மரபான வழக்கமான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்த, அமைச்சர் நியமிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதி வேண்டும். சுயதேவைக்கும் நேரடியாகக் கற்பிப்பதற்கும் விலக்கு உண்டு. அச்சிட்டாலும் சரி, பொதுமக்களுக்குக் கொண்டுசென்றாலும் சரி, எந்தச் சமூகத்திடமிருந்து, எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்று குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. பாட்டு உடப்பாருடையது, அனுமதி கொடுக்கும் அதிகாரம் அமைச்சர் நியமிக்கும் அதிகாரியுடையது. வலை இழுப்பவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. புத்தளத்துச் சிரம்பையடியில் காப்பிரி சமூகத்தவர் பாடும் மாஞ்சாப் பாட்டுக்கும் இதே கதிதான். தொலைக்காட்சிகளும் இசைக் குழுக்களும் வந்து பதிந்து போகின்றன. பாட்டு மேடையில் ஏறும்போது ஊர்ப் பெயர் கீழே விழுந்துவிடுகிறது.

ஆனால் இன்னொரு கதவு இருக்கிறது. பாட்டு மரபுடையதாக இருந்தாலும், பாடுபவரின் குரல் அவருடையது. இதுவரை பதியப்படாத ஒரு ஆற்றுகையைப் பதிவு செய்வதற்கு ஆற்றுகையாளரின் சம்மதம் வேண்டும், அந்த உரிமை 50 ஆண்டு நிலைக்கும். ஆகவே நீங்கள் கைபேசியை நீட்டும்போதே கேட்க வேண்டிய ஆள் உங்கள் முன்னால் நிற்கிறார். அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுத வராதவர் என்றால், என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் மொழியில் விளக்கி, சாட்சி ஒருவரை வைத்து வாங்குங்கள். பாடியவர் பெயரையும், கரையின் பெயரையும், பதிந்த நாளையும் போடுங்கள். கரைவலையில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவருக்கு ஒரு பங்கு என்று கணக்கு இருக்கிறது, கயிற்றில் கை வைத்த யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அதே முறையை அந்தக் கரையின் பாட்டுக்கும் கொண்டுவருவதில் என்ன கஷ்டம்? இன்னொன்று: அண்மைக் காலத்தில் உயிரோடிருக்கும் புலவர் ஒருவர் கட்டிய அம்பா என்றால் அது நாட்டார் பாடல் அல்ல, அவருடைய படைப்பு. விசாரிக்காமல் ‘நாட்டார் பாடல்’ என்று போட்டு ஒரு மனிதரைப் பெயரில்லாதவராக்கிவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் சஞ்சிகை எப்போது வரும் என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டியதில்லை.

செய்திக்கு உரிமையாளர் இல்லை. களப்போரத்து இறால் பண்ணையில் நோய் விழுந்தது என்பது செய்தி, அதை எந்தப் பத்திரிகையில் படித்தாலும் நீங்கள் உங்கள் சொல்லில் எழுதலாம். அந்த நிருபர் எழுதிய கட்டுரையை வரிக்கு வரி எடுப்பதுதான் தவறு. எண்ணங்களுக்கும் உரிமை இல்லை. சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்ற அரச உத்தியோகபூர்வ வாசகங்களும் பாதுகாப்புக்கு வெளியே. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்ற வாசலை 11 ஆம் பிரிவு திறந்து வைத்திருக்கிறது. எதற்காக எடுத்தீர்கள், எப்படிப்பட்ட படைப்பிலிருந்து எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலத்தின் விற்பனைக்கு என்ன கெடுதி என்ற நான்கையும் சேர்த்துத்தான் நியாயத்தை எடைபோடுவார்கள். ஒரு நாவலை விமர்சித்து அதிலிருந்து இரண்டு பந்தி மேற்கோள் காட்டுவது வேறு. எட்டு வரிக் கவிதையை முழுவதுமாகப் போட்டுவிட்டு, கீழே ‘அருமையான வரிகள்’ என்று எழுதுவதை விமர்சனம் என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன்.

படங்கள்தான் இணையச் சஞ்சிகைகளை அதிகம் மாட்டிவிடுபவை. போட்டோ எடுத்தவருடையது. படத்தில் இருப்பவருடையது அல்ல, முதலில் முகநூலில் ஏற்றியவருடையதும் அல்ல. உங்களிடம் முந்தல் களப்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது, உடப்புத் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பு இருக்கிறது, கையில் கமராவும் இருக்கிறது. கூகுளில் படம் தேடுவதற்கு என்ன அவசியம்? செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் நம் சட்டம் ஆசிரியர் என்று சொல்வது படைப்பை உருவாக்கிய இயற்கையான மனிதரை. இயந்திரம் செய்த அட்டைப்படத்தை நாளை இன்னொருவர் எடுத்தால் ‘என்னுடையது’ என்று வாதாட உங்களுக்குப் பிடி இராது.

கேட்காமலே எடுக்கும்படி படைத்தவர்களே முன்கூட்டி எழுதிவைத்த படைப்புகளும் உண்டு. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் 2002 இறுதியில் வந்தன. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று, அதே நிபந்தனையில்தான் பகிர வேண்டும் என்பது இன்னொன்று, வணிகத்துக்கு ஆகாது, மாற்றம் செய்யலாகாது என்று இன்னும் சில. தமிழ் விக்கிப்பீடியா இந்த வழியில்தான் நடக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ என்ற கட்டற்ற மென்பொருள் இதழ், தன் கட்டுரைகளை யாரும் பகிரலாம் என்று இந்த உரிமத்திலேயே வெளியிட்டது. உங்கள் சஞ்சிகைக்கு இது பொருந்துமா? கட்டுரைகளுக்குப் பொருந்தும் என்பேன். கதை கவிதைகளுக்கு ஒவ்வொரு எழுத்தாளரையும் கேளுங்கள், ஆசிரியர் தன் விருப்பத்துக்கு மற்றவர் கதையைப் பொதுவில் விட முடியாது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

தண்டனை பற்றி ஒரு நிமிடம். தெரிந்தே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபா வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நட்டஈட்டு வழக்கு என்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும், இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தாண்டி. நடைமுறையில் சிறு சஞ்சிகைக்கு வருவது வழக்கு அல்ல, தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து வரும் அறிவித்தல். பல தளங்களின் சேவையகம் அமெரிக்காவில் இருக்கிறது. அந்த நாட்டின் 1998 ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் கொப்பிரைட் சட்டப்படி, ஒருவர் முறைப்பாடு அனுப்பினால் நிறுவனம் முதலில் உங்கள் பக்கத்தை இறக்கும், பிறகுதான் கதை கேட்கும். முறைப்பாடு பிழை என்றால் நீங்கள் எதிர் அறிவித்தல் கொடுக்கலாம். முறையிட்டவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பக்கம் திரும்ப ஏறும். அந்த எதிர் அறிவித்தலைத் துணிவோடு எழுத உங்களிடம் என்ன இருக்க வேண்டும்? எழுத்தாளர் அனுப்பிய அந்த மின்னஞ்சல்தான். உங்கள் கட்டுரையை இன்னொரு தளம் திருடினாலும் இதே சட்டம் உங்களுக்கும் உதவும். முகநூலில் நாலு பேரைக் கூட்டித் திட்டுவதைவிட இது விரைவாகப் பலன் தரும்.

கடைசியாக முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியவர்கள், சிலர் ரோணியோவில் அடித்துப் பாடசாலைகளுக்குக் கொடுத்தவர்கள், சிலர் கொழும்புப் பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களில் எழுதிக் குவித்தவர்கள். பத்திரிகையில் வந்ததனால் அது பத்திரிகைக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே சம்பளத்துக்கு இருந்ததில்லை, உரிமையை எழுதியும் கொடுக்கவில்லை என்றால் அது இன்றும் உங்களுடையது. அந்த நறுக்குகளைத் தேடி எடுங்கள். இந்தப் பிள்ளைகள் உங்களைத் தேடி வருவதற்கு முன்னர் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வையுங்கள்: என் எந்தெந்தப் படைப்பை இணையத்தில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது, எனக்குப் பின் இதைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்று. காணிக்கு உறுதி எழுதிவைக்கும் நாம் கவிதைக்கு எழுதிவைப்பதில்லை. அந்தத் தாளின் ஒரு பிரதியை வீட்டில் பிள்ளைகளிடமும், ஒரு பிரதியை இந்தச் சஞ்சிகைக் குழுவிடமும் கொடுத்துவிடுங்கள். முதல் இதழ் வருவதற்குள் செய்தால் நல்லது.